சிக்னல் ஏன் மங்குகிறது: திருகோணமலைக் குடாவைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிண்ணியாவில் கணினி வகுப்பு நடத்தும் நண்பர் ஒருவருக்காகக் குடாவுக்குக் குறுக்கே, ஆன்டெனாவிலிருந்து ஆன்டெனாவுக்கு இணையம் கொண்டுபோகும் ஒரு வயர்லெஸ் லிங்க் போட்டோம். சீனக்குடாப் பக்கம் ஒரு கட்டடத்தின் உச்சி, இந்தப் பக்கம் கரையோரமாக அவருடைய வீட்டில் ஆன்டெனா கட்டிய ஒரு குழாய், நடுவில் சுமார் 5 கிலோமீட்டர் தண்ணீர். மரமும் இல்லை, மலையும் இல்லை, வெறுங்கண்ணுக்கே எதிர்க்கரை தெரிகிறது. முதலில் சும்மா நல்லாத்தான் ஓடியது. இன்னும் நல்லாக்குவோம் என்று குழாயை இரண்டு மீட்டர் உயர்த்தினோம், அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை லிங்க் விழத் தொடங்கியது. ரேடியோவை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், ஒன்றும் சரிவரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டதையும், அதற்குப் பிறகு வீடு, வள்ளம், பஸ் என்று பல இடங்களில் அளந்து பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "சிக்னல் குறைவு" என்பது ஒரு நோயின் பெயரல்ல. காய்ச்சல் மாதிரி, பல நோய்களுக்கும் பொதுவான அறிகுறி. எந்தத் தூரத்துக்குள், எந்த நேரத்துக்குள் சிக்னல் மாறுகிறது என்று பார்த்தால் நோய் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் ஆன்டெனாவை உயர்த்துவதும் பூஸ்டர் வாங்குவதும் வீண் செலவு.

படி 1: கோடுகளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

போனின் மேல் மூலையில் வரும் கோடுகளுக்குப் பொதுவான அளவு எதுவும் கிடையாது, ஒரு போனின் மூன்று கோடு இன்னொரு போனின் இரண்டு கோடாக இருக்கலாம். அண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய், தொலைபேசி பற்றி என்ற இடத்தில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) என்ற அலகில் இருக்கும். பல போன்களில் *#*#4636#*#* என்று அடித்தாலும் வரும். எண் எப்போதும் மைனஸில்தான் இருக்கும், பூச்சியத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. 4ஜியில் -80 அளவு என்றால் தாராளம், -100 என்றால் ஓடும், -115ஐத் தாண்டினால் திண்டாட்டம்.

இந்த அலகின் கணக்கு கூட்டல் கழித்தல் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது பெருக்கல். 3 டெசிபெல் குறைந்தால் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. "-85 இருந்தது -105 ஆகிவிட்டது, 20 தானே" என்று யாராவது சொன்னால் தொண்ணூற்றொன்பது சதவீதம் காணாமல் போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு கொப்பியை எடுத்து இடம், நேரம், எண் மூன்றையும் எழுதுங்கள். நேரம் கட்டாயம். எங்கள் சிக்கலைத் தீர்த்ததே அந்த நேரப் பத்திதான்.

படி 2: தூரத்தால் போவதை முதலில் கணக்கில் கழியுங்கள்

வெட்டவெளியில் ஒன்றும் குறுக்கிடாவிட்டாலும் அலை பரவப் பரவ மெலியும். அதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: 32.4 உடன், கிலோமீட்டரில் தூரத்தின் மடக்கையை (அடி 10) 20ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், மெகாஹெர்ட்ஸில் அதிர்வெண்ணின் மடக்கையையும் அதேபோல் 20ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 5 கிலோமீட்டருக்கு 900 மெகாஹெர்ட்ஸில் சுமார் 105.5 டெசிபெல் இழப்பு வரும், 1800இல் 111.5, எங்கள் லிங்க் ஓடிய 5800இல் 121.7.

அதிர்வெண் கூடினால் காற்று கூடுதலாக விழுங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அதிர்வெண்களில் காற்று விழுங்குவது மிக மிகக் கொஞ்சம். அலை குட்டையாகக் குட்டையாக அதற்கேற்ற ஆன்டெனாவும் சிறிதாகிறது, சிறிய வலையில் குறைவான மீன் படுவது போல அது குறைவாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் டிஷ் ஆன்டெனா வைத்தால் அந்த இழப்பைத் திருப்பி வாங்கிவிட முடிகிறது.

இந்த வகை இழப்பு மாறவேண்டுமானால் நீங்கள் கிலோமீட்டர் கணக்கில் நகரவேண்டும். வீட்டுக்குள்ளேயே சிக்னல் ஏறி இறங்கினால் குற்றவாளி தூரமல்ல, அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: நிழல்

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் ஒரு பக்கத்தில் நல்ல சிக்னல், சுற்றி மறுபக்கம் போனால் கதைக்கவே முடியவில்லை என்றால் அது நிழல். டவருக்கும் உங்களுக்கும் நடுவில் பாறையோ கட்டடமோ பனங்கூடலோ வந்துவிட்டது. பத்து மீட்டர், ஐம்பது மீட்டர் நடந்தால் மாறும், ஆனால் நின்ற இடத்தில் நின்றால் நாள் முழுக்க அப்படியேதான் இருக்கும். அதுதான் நிழலின் அடையாளம். ஒரே தூரத்தில் இருக்கும் பல இடங்களில் அளந்தால் நிழலால் மட்டும் சராசரியிலிருந்து 6 முதல் 10 டெசிபெல் வரை மேலும் கீழும் சிதறும்.

தகரக் கூரை வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தகரம் உலோகம், அதற்குள் அலை நுழையாது, ஜன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வரும். அந்த வீட்டில் ரவுட்டரை நடு அறையில் ஒளித்து வைக்காமல் டவர் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலோரம் வையுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இதோடு சரியாகிவிட்டது.

படி 4: ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள்

மேசையில் போனை வைத்து எண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஒரு சாண் தள்ளுங்கள். எண் துள்ளும். ஒரு சாணுக்குள் டவரும் தூரமாகவில்லை, மலையும் நகரவில்லை, ஆனாலும் மாறுகிறதே, ஏன்?

டவரிலிருந்து வரும் அலை ஒரே வழியாக வருவதில்லை. நேராக ஒன்று, எதிர்வீட்டுச் சுவரில் பட்டு ஒன்று, தண்ணீர்த் தாங்கியில் பட்டு ஒன்று, தெருவில் போகிற லொறியில் பட்டு இன்னொன்று என்று பல வழிகளில் வந்து உங்கள் ஆன்டெனாவில் சேர்கின்றன. ஏறுமுகத்தில் இருக்கும் இரண்டு அலைகள் சேர்ந்தால் கூடும், ஒன்று ஏறுமுகமும் மற்றது இறங்குமுகமுமாகச் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். 1800 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர், அதில் பாதியான 8 சென்டிமீட்டர் நகர்ந்தாலே கூடிய இடம் குறைந்த இடமாகலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பாதி அலை 6 சென்டிமீட்டர் மட்டுமே. பலவழி மங்கல் என்பது இதுதான்.

நேர்வழி அடியோடு மறைந்து, தெறித்து வருபவை மட்டும் சமபலத்தோடு சேரும் நிலைக்கு ரேலி மங்கல் என்று பெயர். நேர்வழி வலுவாக இருந்து மற்றவை துணையாக வந்தால் ரைசியன் மங்கல், அது அவ்வளவு ஆழமாக விழாது. ரேலி நிலையில் சராசரியை விட 10 டெசிபெல்லுக்கும் கீழே விழுந்து கிடக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட 10 சதவீதம், 20 டெசிபெல்லுக்குக் கீழே 1 சதவீதம், 30க்குக் கீழே 0.1 சதவீதம். இந்த மூன்று எண்களையும் மனதில் வையுங்கள், கடைசியில் வேண்டும்.

போன் காட்டும் எண்ணில் இந்தத் துள்ளல் முழு ஆழத்துக்குத் தெரியாது, ஏனென்றால் 4ஜி ஓர் அகலமான அலைக்கற்றை முழுவதையும் சராசரி எடுத்துக் காட்டுகிறது, ஓர் அதிர்வெண் விழுந்த இடத்தில் பக்கத்து அதிர்வெண் விழுந்திருக்காது. ஆகவே 5 டெசிபெல் துள்ளினாலே உள்ளே பெரிய சண்டை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மருந்து எளிது: ரவுட்டரை ஒரு சாண் அப்படி இப்படி நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் பார்த்து, நல்ல இடத்தில் விட்டுவிடுங்கள்.

படி 5: ஓடும்போது, எதிரொலிக்கும்போது

கந்தளாய்ப் பக்கமாக பஸ்ஸில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். ஒரு விநாடிக்கு 16.7 மீட்டர், அதாவது 8 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வரும் சிக்னல் பள்ளங்களில் ஒரு விநாடியில் இருநூறைக் கடக்கிறீர்கள். 1800 மெகாஹெர்ட்ஸில் இதன் டாப்ளர் விலகல், அதாவது ஓட்டத்தால் அதிர்வெண் விலகுவது, 100 ஹெர்ட்ஸ் வரும், அலைவழி சுமார் 4 மில்லிவிநாடி மட்டுமே ஒரே மாதிரி இருக்கும். 4ஜி ஒவ்வொரு மில்லிவிநாடிக்கும் யாருக்கு எந்தத் துண்டு என்று புதிதாகப் பங்கிடுவதும், கெட்டுப்போன துண்டை 8 மில்லிவிநாடியில் திரும்ப அனுப்புவதும் இதைச் சமாளிக்கத்தான். பயணி செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஜன்னலோரம் உட்காரலாம்.

எதிரொலி வேறு. தூரத்து மலையில் பட்டு வரும் அலை 300 மீட்டர் கூடுதலாகப் பயணித்தால் ஒரு மைக்ரோவிநாடி பிந்தி வரும். பிந்தியது முந்தியதோடு கலந்து எழுத்துக்கள் ஒன்றன்மேல் ஒன்று எழுதியது போலாகிவிடும், கூடவே அலைக்கற்றையில் சில அதிர்வெண்கள் மட்டும் தனியாக விழும். 4ஜி ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னால் சுமார் 4.7 மைக்ரோவிநாடி இடைவெளி விடுகிறது, 1.4 கிலோமீட்டர் கூடுதல் பயணம் வரை அது தாங்கும். வைஃபையின் வழக்கமான இடைவெளி 0.8 மைக்ரோவிநாடிதான், 240 மீட்டர். வீட்டுக்கு அது போதும், குடாவைக் கடக்கும் வைஃபை லிங்குக்குச் சில இடங்களில் போதாது.

திருகோணமலைக்கு வடக்கே ஜேர்மனிய வானொலியான டொய்ச்சே வெலேயின் சிற்றலை நிலையம் நெடுங்காலம் இயங்கியது எங்கள் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். பழைய ரேடியோவில் சிற்றலை கேட்டவர்களுக்குக் குரல் பெருகி வந்து மெல்ல அடங்கி, நடுவில் உடைந்த மாதிரிக் கரகரப்பதும் நினைவிருக்கும். வானில் உயரே மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கான அயனமண்டலத்தின் வேறு வேறு உயரங்களில் பட்டுத் திரும்பிய அலைகள் சேர்ந்து பிரிவதுதான் அது. அதே மங்கல்தான், அலை பத்து மீட்டர் கணக்கில் நீளமாக இருந்ததால் காதுக்குக் கேட்கும் வேகத்தில் நடந்தது.

படி 6: கடல் என்ற கண்ணாடி

இனி எங்கள் லிங்குக்கு வருகிறேன். கொப்பியில் இரண்டு வாரக் குறிப்பு இருந்தது. லிங்க் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பன்னிரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைய இடைவெளியில் விழுகிறது, அடுத்த நாள் கிட்டத்தட்ட 50 நிமிடம் பிந்தி விழுகிறது. எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க எழுதி வச்சிருக்கிறது எல்லாம் வத்து நேரமெல்லோ" என்றார்.

வற்றுப்பெருக்கு! நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் நடுவில் ஒரு மீட்டர்கூட வராது, பல நாட்களில் அரை மீட்டர் அளவுதான். அது ஒரு லிங்கைச் சாய்க்குமா என்று நம்ப முடியாமல்தான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

தண்ணீரை உரசுவது போல மிகத் தாழ்ந்த சரிவில் வந்து படும் அலை கிட்டத்தட்ட முழுப் பலத்தோடு தெறிக்கும், தெறிக்கும்போது தலைகீழாகப் புரண்டும்விடும். ஆகவே நேர் அலையும் தெறித்த அலையும் நடந்த தூரம் சரிசமமாகவோ, முழு அலைநீளம் ஒன்று வித்தியாசமாகவோ இருந்தால் ஒன்றை ஒன்று அழிக்கும். பாதி அலைநீளம் வித்தியாசமென்றால் இரண்டும் சேர்ந்து கூடும். தூர வித்தியாசம் எவ்வளவு? இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் பெருக்கி, அதை இரட்டித்து, தூரத்தால் வகுத்தால் வரும். உயரம் என்பது தண்ணீர் மட்டத்திலிருந்து, கூரையிலிருந்து அல்ல.

எதிர்ப்பக்கம் 20 மீட்டர், தூரம் 5000 மீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5.17 சென்டிமீட்டர். கணக்கைத் திருப்பிப் போட்டால் எங்கள் பக்கம் 6.46 மீட்டரில் இரண்டு அலைகளும் அழிகின்றன, 3.23 மீட்டரில் கூடுகின்றன, 9.7 மீட்டரில் மறுபடியும் கூடுகின்றன. (இந்தத் தூரத்தில் பூமியின் வளைவு சிறிய திருத்தம்தான், விட்டுவிட்டேன்.) நாங்கள் 4.5 மீட்டரில் இருந்ததை 6.5க்கு உயர்த்தியிருந்தோம். பள்ளத்துக்குள் கொண்டுபோய் நாமே வைத்துவிட்டோம். வற்று நேரத்தில் சரியாகப் பள்ளம், பெருக்கில் தண்ணீர் அரை மீட்டர் ஏறினால் இரண்டு உயரமும் அரை மீட்டர் குறைந்து, தெறிப்பு இல்லாத நிலையை விட வெறும் 4 டெசிபெல் குறைவு என்ற நிலைக்கு ஏறிவிடுகிறது. அதனால்தான் லிங்க் விழுந்து எழும்பிக்கொண்டே இருந்தது.

குழாயை 3.2 மீட்டருக்கு இறக்கினோம். அங்கே தண்ணீர் அரை மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசம் ஒரு டெசிபெல்லுக்கும் மிகக் குறைவு. பள்ளத்தின் அடி கூரானது, மேட்டின் தலை தட்டையானது, ஆகவே மேட்டின் தலையில் நின்றால் கடல் என்ன செய்தாலும் கவலையில்லை.

"அலையடிக்கும் கடல் எப்படிக் கண்ணாடியாகும்" என்று கேட்பீர்கள். ரேலி மங்கலுக்குப் பெயர் தந்த இயற்பியலாளர் ரேலியே தந்த ஒரு அளவுகோல் இருக்கிறது: எவ்வளவு தாழ்ந்த சரிவில் பார்க்கிறோமோ அவ்வளவு கரடும் வழவழப்பாகத் தெரியும், அந்திவெயிலில் தார் ரோடு பளபளப்பது போல. எங்கள் லிங்கின் சரிவு வெறும் 0.3 பாகை, அந்தச் சரிவில் நீர்மட்டத்தின் மேடுபள்ளம் சுமார் 1.2 மீட்டரைத் தாண்டும் வரைக்கும் தண்ணீர் கண்ணாடிதான். ஒதுக்கமான குடாவுக்குள் அந்த அளவு அலை எப்போதாவதுதான் வரும்.

குழாயை இறக்க இடமில்லாதவர்களுக்கு வேறு இரண்டு வழி உண்டு. தெறிக்கும் புள்ளி தாழ்ந்த ஆன்டெனாவுக்குக் கிட்டத்தான் இருக்கும், எங்களுக்கு 6.5 மீட்டரில் கரையிலிருந்து சுமார் 1.2 கிலோமீட்டரில் இருந்தது. ஆன்டெனாவைக் கரையிலிருந்து உள்ளே தள்ளி வைத்து, முன்னால் இருக்கும் கூரையோ மரமோ தெறித்த அலையை மட்டும் மறைக்கிற மாதிரிச் செய்யலாம். ஆனால் நேர்வழியைச் சுற்றி ஃப்ரெனெல் வலயம் என்ற, நடுவில் பருத்த சுருட்டு வடிவ வெளி சுத்தமாக இருக்கவேண்டும், 5 கிலோமீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் நடுவில் அதன் ஆரை 8 மீட்டர், அதில் 60 சதவீதமாவது, அதாவது 4.8 மீட்டர், மறைப்பில்லாமல் விடுங்கள். இல்லாவிட்டால் ஒரே குழாயில் 3.2 மீட்டர் இடைவெளியில் மேலும் கீழுமாக இரண்டு ஆன்டெனா வையுங்கள், ஒன்று பள்ளத்தில் இருக்கும்போது மற்றது மேட்டில் இருக்கும்.

படி 7: வள்ளத்தில் மட்டும் உயரம் வேண்டும்

மேலே சொன்னதைப் படித்துவிட்டு வள்ளத்து ஆன்டெனாவை யாரும் இறக்கிவிடாதீர்கள். வள்ளங்கள் கதைக்கும் கடல்சார் விஎச்எஃப் ரேடியோவில் ஆபத்துக்கு அழைக்கும் 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அலை கிட்டத்தட்ட 1.9 மீட்டர் நீளம். கரையில் 40 மீட்டர் டவர், வள்ளத்தில் 3 மீட்டர் கம்பி என்றால் சுமார் 250 மீட்டரைத் தாண்டியதுமே மேடுபள்ளம் எல்லாம் முடிந்துவிடும், அதற்கப்பால் நேர் அலையும் தெறித்த அலையும் தூரம் கூடக் கூட நிரந்தரமாக ஒன்றை ஒன்று தின்றுகொண்டே போகும். அங்கே தூரம் இரட்டித்தால் இழப்பு 6 டெசிபெல் அல்ல, 12. அதே நேரம் ஆன்டெனா உயரத்தை இரட்டித்தால் 6 டெசிபெல் லாபம். அடிவானமும் தள்ளிப்போகும்: இரண்டு உயரங்களின் வர்க்கமூலத்தைக் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும், இந்த எண்களுக்கு அது சுமார் 33. இது உயிர் சம்பந்தப்பட்டது. கம்பியைக் கட்டி உயர்த்துங்கள், புறப்பட முன் கதைத்துப் பாருங்கள்.

படி 8: கச்சானும் மழையும்

கச்சான் வீசும் நாட்களில் தரையிலிருந்து வரும் காய்ந்த சூடான காற்று, கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் மூடி போட்டது போல நிற்கலாம். அந்த மூடிக்குக் கீழே அலை சிறைப்பட்டு அடிவானத்துக்கு அப்பாலும் போகும். தூரத்து வானொலி தெளிவாகக் கேட்கும், அதே காரணத்தால் தூரத்து டவர் வந்து உங்கள் டவரோடு மோதும். சிக்னல் எண் நன்றாக இருந்தும் இணையம் ஊர்ந்தால் போனின் சோதனைப் பக்கத்தில் வரும் சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதத்தைப் பாருங்கள், அது விழுந்திருந்தால் இது மங்கல் அல்ல, மோதல். ஓரிரு நாளில் காற்று மாறும், எதையும் கழற்றாதீர்கள்.

வாடைக்கால மழையில் டிஷ் டிவி நிற்பதற்கு மழைதான் காரணம், அது 11, 12 கிகாஹெர்ட்ஸ். 4ஜியையும் 5.8 கிகாஹெர்ட்ஸ் லிங்கையும் மழை அப்படிச் செய்யாது. மழைக்குப் பிறகு அவை விழுந்து எழும்பாமலே கிடந்தால் கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது, நம் உப்புக்காற்றில் அது ஒரு வருடத்தில் பச்சை பிடித்துவிடும். தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்.

படி 9: எவ்வளவு மிச்சம் வைக்கவேண்டும்

எங்கள் லிங்கில் ரேடியோ 20 டிபிஎம், இரண்டு ஆன்டெனாக்களும் தலா 23 டெசிபெல் பெருக்கம், கூட்டினால் 66, அதில் 121.7 கழித்தால் -55.7 வரவேண்டும். வேகமாக ஓட -75 போதுமென்றால் மிச்சம் 19 டெசிபெல். இந்த மிச்சம்தான் மங்கலுக்காக நாம் கட்டும் காப்புறுதி. படி 4இல் சொன்ன மூன்று எண்களோடு ஒப்பிடுங்கள்: ரேலி நிலையில் 10 டெசிபெல் மிச்சம் வைத்தால் நூறில் பத்துப் பொழுது விழும், 20 வைத்தால் நூறில் ஒரு பொழுது. ஆனால் தனித்தனியாக மங்கும் இரண்டு ஆன்டெனாக்கள் வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் விழவேண்டும், பத்தில் ஒன்றின் பத்தில் ஒன்று, ஆக 10 டெசிபெல் மிச்சத்திலேயே நூறில் ஒரு பொழுதுதான். சக்தியைப் பத்து மடங்காக்கிப் பெறுவதை இன்னொரு ஆன்டெனா தந்துவிடுகிறது, என் கணிப்பில் இந்தத் துறையிலேயே மிக மலிவான மருந்து இதுதான். சக்தியைக் கூட்ட வேண்டியே வந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் எல்லைக்குள் கூட்டுங்கள். அனுமதியில்லாத பூஸ்டர் ஒன்று தெருவில் இருக்கும் எல்லோருடைய சிக்னலையும் கெடுக்கும்.

குழாயை நிறுத்தும்போது வற்று நேரத் தண்ணீர் மட்டத்திலிருந்து ஆன்டெனாவின் உயரத்தை அளந்து, அழியாத மையால் குழாயிலேயே எழுதிவிடுங்கள், எதிர்ப்பக்க உயரத்தையும் சேர்த்து. அடுத்து ஏறப்போகிறவர் "கொஞ்சம் உயர்த்திப் பார்ப்போமே" என்று சாவியை எடுக்கும்போது முதலில் கண்ணில் படவேண்டியது அந்த இரண்டு எண்கள்தான்.